மேல்வரிசை

மேல்தாடையில் பல் எல்லாம் போன பிறகு மாட்டப்படும் பல்செட், கொக்கி, ஆணி எதுவும் இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. அதைத் தாங்குவது எச்சில். அண்ணம் முழுவதையும் மூடும் அக்ரிலிக் தகட்டுக்கும் சதைக்கும் நடுவே எச்சில் படலமாகப் பரவி, ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளைப்போல் அவற்றை ஒட்டவைக்கிறது. ஓரத்தில் காற்றுப் புகாதவரை பிடி தளராது. விழுந்தே தீரவேண்டிய மேல்செட் இப்படி நின்றுவிட, விழ இடமே இல்லாத கீழ்செட்தான் நாக்கு புரளும்போதெல்லாம் மிதக்கிறது. தும்மல் மட்டும் இந்த விதிகளுக்குக் கட்டுப்படுவதில்லை.

எச்சிலை நம்பாத காலத்தில் ஸ்பிரிங்கை நம்பினார்கள். 1789-ல் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பல் ஒன்றுதான் மிச்சம். அவர் மரப்பல் கட்டியிருந்தார் என்பது கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், ஈயம் ஆகியவை கலந்த செட் அது. அதன் ஸ்பிரிங்குகள் இரண்டு வரிசையையும் ஓயாமல் விலக்கித் தள்ளும். வாயைத் திறக்க அல்ல, மூடத்தான் பலம் வேண்டும். 1793-ல் அவர் நிகழ்த்திய இரண்டாவது பதவியேற்பு உரை 135 சொற்கள். பல்லுக்கும் இதற்கும் தொடர்புண்டு என்பதற்கு ஆதாரமில்லை. ஆனாலும் மேடைப் பேச்சாளர்களுக்கு அந்த ஸ்பிரிங்கைப் பரிந்துரைக்கத் தோன்றுகிறது. வின்ஸ்டன் சர்ச்சில் வேறு ரகம்: தம் குரலுக்கு அடையாளமான மழலை போய்விடக் கூடாதென்று மேல்செட்டை வேண்டுமென்றே தளர்வாகச் செய்வித்துக்கொண்டார்.

இன்றைய மேல்செட்டில் அண்ணம் மூடப்படுவதால் ரசத்தின் சூடு தொண்டைக்குப் போன பிறகே தெரியும். 'ச' முதல் சில நாள் சீட்டியடிக்கும். சத்தமாகப் படித்துப் பழகினால் அடங்கும். எலும்பு தேயத் தேய செட் தளரும். அப்போது உள்பக்கம் அக்ரிலிக் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். பசையால் ஒப்பேற்றுவது தள்ளிப்போடுவதுதான்.

ஒன்றிரண்டு பல் மட்டும் போயிருந்தால் பிரிட்ஜ். ஒரு பல் என்றால், இரண்டு பக்கத்துப் பற்களையும் சீவி, மூன்றுக்கும் சேர்த்து கேப் போடுவார்கள். போனது ஒரு பல், பில் மூன்று பல்லுக்கு. ஒரு தவறும் செய்யாத அக்கம்பக்கத்துப் பற்கள் ஆயுளுக்கும் சுமை தாங்கவேண்டியதுதான்.

தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகான இம்பிளாண்ட் ஒரு முயலிடமிருந்து வந்தது. 1952-ல் சுவீடனில் பெர்-இங்வார் பிரானமார்க் ஆராய்ச்சிக்காக முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார், எலும்பு விடவில்லை. 1965-ல் மனிதத் தாடைக்கு அது வந்தது. கீழ்த்தாடையைவிட மேல்தாடை எலும்பு பஞ்சுத்தன்மை மிக்கது. கடைவாய்க்கு மேலே சைனஸ் என்ற காற்றறை வேறு. பல் போன இடத்தில் அது கீழிறங்கி, திருகுக்கு இடமே இல்லாமல் செய்துவிடும். அப்போது அதன் சவ்வை மேலே தூக்கி எலும்புத் துகள் நிரப்பி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தத் துகள் பல சமயம் பதப்படுத்திய மாட்டெலும்பு. சைவக்காரர்கள் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. நான்கு முதல் ஆறு இம்பிளாண்ட் ஒரு முழு வரிசையையே தாங்கும். அண்ணமும் விடுதலை பெறும்.

டைட்டானியத்தில் சொத்தை விழாது. அதனால் பல் துலக்கத் தேவையில்லை என்று முடிவுக்கு வருபவர்களுக்குச் சுற்றியுள்ள ஈறு புண்ணாகும், எலும்பு கரையும். கடைசியில் இம்பிளாண்ட் ஒரு பழுதுமில்லாமல் முழுசாகக் கையோடு வந்துவிடும்.