ஆஷ்பர்ன் வாடிக்கையாளர்

"கால் கிலோ முறுக்கு கொடுங்கண்ணே."

"தம்பி, நம்ம வெப்சைட்டைப் பார்த்தீங்களா? கால் கிலோ, அரைக் கிலோ எல்லாம் தனித்தனியாப் படம் போட்டிருக்கோம்."

அசல் முறுக்கு கண்ணாடி அலமாரியில், எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தது. அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்போனைத் தேடிக்கொண்டிருந்தார்.

இப்படி ஒருவர் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார். சரக்கு விற்பதை விட்டுவிட்டு, சரக்கு விற்கும் வெப்சைட்டை விற்றுக்கொண்டிருப்பவர். எங்கள் மணப்பாறைக்கு வாய்த்தவர் இந்த முறுக்குக்கடை அண்ணன். 2023-இல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், தன் கடைக்கே கிடைத்த மாதிரி கிளம்பிவிட்டார். இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் ஒரு பழைய பைக்கை வாங்கிக்கொண்டு வெப்சைட் போட்டுக் கொடுத்தான்.

திறந்தால் முதலில் பிள்ளையார். அடுத்து மாலை போட்ட அப்பா. அதற்கடுத்து கைகூப்பிய அண்ணன். 'எங்களைப் பற்றி' என்ற பகுதியில் தாத்தா ரயிலடியில் கூடை சுமந்த கதை, மாவு பிசையும் ஊர்த் தண்ணீரின் மகிமை, முறுக்கை இரண்டு தடவை பொரிக்கும் பக்குவம் எல்லாம் விலாவாரியாக இருக்கும். என்ன விலை, பார்சல் அனுப்புவார்களா, எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்பது மட்டும் இருக்காது.

பக்கத்தின் அடியில் கொஞ்சம் வெற்றிடம். விரலால் அழுத்தி இழுத்தால், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக 'மணப்பாறை முறுக்கு, நல்ல முறுக்கு, மணப்பாறை நல்ல முறுக்கு' என்று ஸ்ரீராமஜெயம் கணக்காக ஓடுகிறது. கூகுளில் முதலில் வருவதற்கு மருமகன் கண்ட சூட்சுமமாம். இப்படி ஒளித்து எழுதுவதைக் கூகுள் ஏமாற்று வேலையாகத்தான் பார்க்கும், பக்கத்தையே கீழே தள்ளிவிடலாம் என்றேன். "சாமிகிட்ட 108 தடவை சொன்னா கோவிச்சுக்குமா தம்பி?" என்றார். அதற்குப் பதில் சொல்லும் படிப்பு எனக்கில்லை.

விளம்பரத்துக்கு அவர் நம்புவது விசேஷ வீடுகளை. மகள் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்கு மேலே வெப்சைட் முகவரி இருந்தது. தாய்மாமன் பந்தியில் உட்காரவே இல்லை. துக்க வீட்டிலும் பத்து நிமிஷம் தலைகுனிந்து இருந்துவிட்டு, "பதினாறாம் நாளுக்குப் பலகாரம் வேணும்னா வெப்சைட்ல..." என்று ஆரம்பித்துவிடுவார். கூகுளில் ஐந்து நட்சத்திரம் வாங்குவதும் மொய்க்கணக்குதான். "உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு 501 எழுதினேன், நீங்க இன்னும் ஸ்டார் போடலை" என்று நோட்டைப் பிரித்துக் காட்டுகிறார். பிரதிபலன் கொடுத்து மதிப்புரை வாங்கக் கூடாது என்பது கூகுள் விதி. நம்மிடம் மொய் வாங்கியவர் நமக்கு மொய் வைக்காமல் இருக்கக் கூடாது என்பது ஊர் விதி. எது பழசு என்று உங்களுக்கே தெரியும்.

வாட்ஸ்அப்பில் ஒரே பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு அனுப்பலாம். அண்ணன் தினமும் விடியற்காலையில் அனுப்புகிறார். ஆனால் அவர் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். நான் வைத்திருக்கிறேன், 'முறுக்கு எடுக்காதே' என்ற பெயரில்.

போன வாரம் கடைக்குப் போனபோது முகமெல்லாம் பல்.

"அமெரிக்காவுல ஆஷ்பர்ன்னு ஒரு ஊராம் தம்பி. தினம் நாலஞ்சு பேர் நம்ம வெப்சைட்டுக்கு வர்றாங்க. ராத்திரி பகல் பார்க்கிறதில்லை."

வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் ஆஷ்பர்ன் டேட்டா சென்டர்கள் குவிந்து கிடக்கும் ஊர். அங்கிருந்து வருவது பெரும்பாலும் இணையத்தை மேய்ந்துகொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள். அவற்றுக்குப் பல்லும் கிடையாது, பசியும் கிடையாது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன், "அங்க நம்மாளுங்க நிறைய இருப்பாங்கபோல. பாவம், முறுக்குக்கு ஏங்கிப் போயிருக்காங்க" என்றார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. நான் கால் கிலோவை அரைக் கிலோவாக மாற்றிக்கொண்டேன்.

முறுக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மணப்பாறைப் பக்கம் வந்தால் அவசியம் வாங்குங்கள். காசைச் சில்லறையாகக் கையில் எடுத்துப் போங்கள். ஜிபே பண்ணலாம் என்று போனை வெளியே எடுத்தீர்களோ, வாங்கி வெப்சைட்டைத் திறந்துவிடுவார்.