டூர் சித்தப்பா

செவ்வாய்க்கிழமை வண்டலூர் சிங்கத்துக்கு லீவு. வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்து நடராஜருக்கு லீவு. திங்கட்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைகளுக்கும் மெரினா கலங்கரை விளக்கத்துக்கும் லீவு. சென்னையின் இந்த வார விடுமுறைகளைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் ஒப்பிக்கிறவர்தான் டூர் சித்தப்பா. தன் கல்யாண நாளைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

உறவுமுறையில் அவர் மாமாவாகவும் இருக்கலாம், பெரியப்பாவாகவும் இருக்கலாம். பெரம்பூரிலோ குரோம்பேட்டையிலோ இரண்டு அறை வீட்டில் குடியிருப்பார். குடும்பத்தில் முதலில் சென்னைக்கு வேலைக்கு வந்தவர் என்ற ஒரே தகுதியால் இந்தப் பதவி அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு அண்ணன் மகன் ஒருவன் சோழிங்கநல்லூரில் மாதம் லட்ச ரூபாய் சம்பளத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான், காரும் வாங்கிவிட்டான். ஆனாலும் முழுப் பரீட்சை லீவு விட்டால் திருநெல்வேலியிலிருந்து கிளம்புகிற பிள்ளைகள் சித்தப்பா வீட்டுக்குத்தான் வருகிறார்கள். கார் வைத்திருக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும். சித்தப்பாவுக்குத் தூக்கம் வராது. மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

முன்பெல்லாம் வருகிறவர்களைக் கூப்பிட விடியற்காலையில் கோயம்பேட்டுக்குப் போய் நிற்பார். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்து, தென்மாவட்டத்து வண்டிகள் அங்கேயே நின்றுவிட ஆரம்பித்ததும் ஊரே புலம்பியது. சித்தப்பா புலம்பவில்லை. கிளாம்பாக்கத்துக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்தார். கூப்பிடு தூரம். வீட்டுக்கு வந்து, குளித்து, மறுபடி இவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்?

"மதினி, இறங்கினதும் அங்கயே பல்லு தேச்சுக்கோங்க. அப்படியே ஜூவப் பாத்துட்டு வீட்டுக்கு வந்துரலாம்" என்று போனில் யோசனை சொன்னார்.

"ஏ தம்பி, பஸ் வந்து சேருறது விடியக்காலம் அஞ்சு மணிக்கு. சிங்கம் முழிச்சிருக்குமாய்யா?" என்றார் மதினி.

சிங்கம் முழித்திருக்கலாம். டிக்கெட் கொடுக்கிறவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். திட்டம் கைவிடப்பட்டது. ஆனாலும் அது நல்ல திட்டம் என்பதில் சித்தப்பாவுக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

கிளம்பும் நேரம் என்பது தனிக் கலை. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் வீட்டில் ஆறு மணி என்று அறிவிப்பார். அவர் இரண்டு மணி நேரம் முன்கூட்டிச் சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும் என்பதால் முந்தின நாள் இரவே அஞ்சரை என்று திருத்திவிடுவார். இந்தப் போரில் இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. வண்டி ஒன்பதரைக்குத்தான் கிளம்பும்.

வண்டி என்றால் கார் என்று நினைத்துவிடக் கூடாது. மாநகரப் பேருந்து, அதிலும் ஒயிட் போர்டு, அதாவது சாதாரணக் கட்டண வண்டி. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்த நாளில், தமிழ்நாட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்ட ஆண்மகன் டூர் சித்தப்பாவாகத்தான் இருப்பார். அன்றிலிருந்து குழுவில் பெண்களின் எண்ணிக்கையைக் கூட்ட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொள், எதிர்வீட்டுப் பெண்ணும் பாவம் வரட்டும் என்று தாராளமாகிவிட்டார். பின்னாலேயே காலியாக டீலக்ஸ் பஸ் வந்து நின்றாலும் ஏற மாட்டார். ஏசி பஸ் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒயிட் போர்டு வரும்வரை வெயிலில் பத்துப் பேரும் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஆளுக்கொரு இளநீர் வாங்கிக் குடித்த கணக்கு டூர் செலவில் சேராது. அது மருத்துவச் செலவு.

பெரம்பூர்ச் சித்தப்பாவாக இருந்தால் பெசன்ட் நகர் கடற்கரைக்கு 29சி. அது ஜெமினி பக்கம் வரும்போது அவர் குரல் மாறும். செம்மொழிப் பூங்காவைக் காட்டி, "அங்கதாண்டா உட்லண்ட்ஸ் டிரைவ் இன் இருந்துச்சு. கார்லயே உக்காந்துக்கிட்டு காபி குடிக்கலாம். கல்யாணமான புதுசுல உங்க சித்திய அங்கதான் கூட்டிட்டுப் போனேன்" என்பார். 1962-இல் திறந்த அந்த ஓட்டல் 2008-இல் மூடப்பட்டு, 2010-இல் அந்த இடத்தில் பூங்கா வந்தது வரைக்கும் வருஷ வாரியாகச் சொல்வார். லேடீஸ் சீட்டிலிருந்து சித்தியின் குரல் வரும்: "கார்ல போகல, நடந்து போனோம். ஒன் பை டூ காபி. அதையும் சொல்லச் சொல்லுடா."

வண்டலூர்தான் அவருடைய கோட்டை. உள்ளே நுழையும்போதே வரலாறு ஆரம்பித்துவிடும். 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் விலங்குகளை வைத்துத் தொடங்கினார், பிறகு சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது, 1985-இல் எம்.ஜி.ஆர். இங்கே திறந்து வைத்தார், மொத்தம் 602 ஹெக்டேர். பிள்ளைகளுக்கு ஹெக்டேர் புரியாது. பேட்டரி வண்டி வேண்டாம், நடந்தே பார்க்கலாம் என்று சித்தப்பா முடிவு செய்த அரை மணி நேரத்தில் கால் வழியாகப் புரிந்துவிடும்.

வெள்ளைப்புலி இருக்குமிடத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று ஆகியிருக்கும். ஏப்ரல் வெயிலில் மதியம் ஒரு மணிக்கு அறிவுள்ள எந்தப் புலியும் வெளியே நிற்காது. எங்கோ நிழலில் வாலின் நுனி மட்டும் தெரியும். "அதோ பாரு, பாத்துட்டியா? பாத்துட்டேல்ல? வா, அடுத்தது" என்று நகர்த்திவிடுவார். அவர் கணக்கில் வால் தெரிந்தால் புலியைப் பார்த்ததாகத்தான் அர்த்தம். கையில் உள்ள காகிதத்தில் புலிக்கு நேராக ஒரு டிக் விழும். பகல் பதினொன்றுக்குள் புலி, பன்னிரண்டுக்குள் யானை, ஒன்றுக்குச் சாப்பாடு என்று அதில் எழுதியிருக்கும். இதில் சாப்பாடு மட்டும் சரியான நேரத்தில் நடக்கும்.

சாப்பாடு என்றால் புளியோதரை. தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும், சாம்பார் சாதம் ஊசிவிடும் என்று பல வருட ஆராய்ச்சியில் கண்டுபிடித்த முடிவு அது. ஜவுளிக்கடை மஞ்சப் பையில் எவர்சில்வர் தூக்கு, அதற்கு மேல் வாழையிலைக் கட்டு, பக்கவாட்டில் தண்ணீர்க் கூஜா. 2019-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. சித்தப்பாவுக்கு அந்த 'மீண்டும்' என்ற சொல்தான் விளங்கவில்லை. அவர் எப்போது விட்டார், மீண்டும் எடுப்பதற்கு?

மாமல்லபுரத்தில் வேறு மாதிரி சிக்கல். தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஊரிலிருந்து வந்த இன்னொரு அண்ணன் மகனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. மீசை வேறு அரும்பிவிட்டது. "நீ உள்ள போறவரைக்கும் கர்ச்சீப்பால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே வா" என்று சித்தப்பா சொல்ல, அவன் மானம் போகிறதென்று முறைத்துக்கொண்டு தன் போனிலேயே டிக்கெட் எடுத்துவிட்டான். வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னால் நின்று சித்தப்பா வருத்தப்பட்டார், டிக்கெட்டைப் பற்றித்தான். முன்பெல்லாம் எல்லோரும் காசில்லாமல் பார்த்துவந்த பாறை அது. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் வந்து அதன் முன் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அதற்கும் கட்டணம் வந்துவிட்டது. "ரெண்டு பேரும் அவங்க பாட்டுக்குக் கோயிலப் பாத்துட்டுப் போயிருக்கலாம்" என்பது அயலுறவு பற்றி அவர் சொல்லும் ஒரே கருத்து. ஏப்ரல் 18, உலகப் பாரம்பரிய தினம், அனுமதி இலவசம் என்று நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிற தேதி மட்டும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

கோடையெல்லாம் ஒத்திகைதான். ஆண்டு விழா காணும் பொங்கலன்று. பொங்கலுக்கு ஊருக்குப் போகாதவர்களும் பக்கத்து மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் மெரினா, கிண்டி சிறுவர் பூங்கா, வண்டலூர், மாமல்லபுரம் என்று நாலாகப் பிரிந்து நிற்பார்கள். கடலில் இறங்காதபடி கரை நெடுகத் தடுப்புக் கட்டியிருக்கும். குழந்தைகள் தொலைந்துபோனால் கண்டுபிடிக்க, போலீஸார் அவர்கள் மணிக்கட்டில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய அட்டையைக் கட்டிவிடுவார்கள். சித்தப்பா அதற்குக் காத்திருப்பதில்லை. வீட்டிலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கெட்ச் பேனாவால் முன்கையில் தன் நம்பரை எழுதிவிடுவார். எழுபது வயது மாமியாருக்கும் எழுதப் போய், அந்த அம்மாள் இரண்டு நாள் பேசவில்லை.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தலைகளை எண்ணுவார். எப்போதும் ஒன்று குறையும். குறைகிற தலை அவருடையது என்பது ஒவ்வொரு முறையும் யாராவது சொல்லித்தான் தெரியும். எம்.ஜி.ஆர். சமாதியில் வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொரு பிள்ளையாகக் காதைச் சலவைக்கல்லில் வைக்கச் சொல்வார். உள்ளே வாட்ச் ஓடுகிற சத்தம் கேட்கும் என்பது பல தலைமுறையாக வரும் நம்பிக்கை. "கேக்குதா?" என்பார். கேட்கவில்லை என்று சொன்ன பிள்ளை மறுபடி வரிசைக்குப் போக வேண்டும் என்பதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்டுவிடும்.

அவர் வாழ்நாளின் உச்சம் 2019 பிப்ரவரி. ஏ.ஜி.-டி.எம்.எஸ். - வண்ணாரப்பேட்டை மெட்ரோ பாதை திறந்தபோது சில நாள் இலவசமாக விட்டார்கள். ஏசி, எஸ்கலேட்டர், சுரங்கம், கட்டணம் இல்லை. குடும்பத்தோடு ஏறி, கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய், திரும்பி, மறுபடி போனார். எங்கே இறங்குவது என்று சித்தி கேட்டதற்கு, "எதுக்கு இறங்கணும்?" என்று கேட்டார். நகரத்தில் பாதிப் பேர் அன்று அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மால் என்றால் மட்டும் அவருக்குக் கை ஓடாது. கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் பிள்ளைகள் வேறெங்கும் வர மாட்டேன் என்கிறார்கள், மாலுக்கு வார விடுமுறையும் கிடையாது, வரலாறும் கிடையாது. அங்கே அவர் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஏசிக்கு அடியில் பெஞ்சு பார்த்து உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் கைப்பைகளின் விலையை மனசுக்குள் மதிப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இத்தனை வருட டூர்களிலும் சித்திக்கு ஒரே பதவிதான், பைகளுக்குக் காவல். 1977-இல் வந்த மெரினா கலங்கரை விளக்கத்தில் பல ஆண்டுகள் பொதுமக்களை ஏற்றவில்லை. 2013 நவம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள், லிஃப்டும் உண்டு. அதன் பிறகு உறவில் எல்லாப் பிள்ளைகளும் மேலே போய்ப் பார்த்தாயிற்று. சித்தி கீழே, பைகளுக்கு நடுவில். போன லீவில், பட்டாளம் டிக்கெட் வரிசையில் நின்றபோது பைகளைக் கொண்டுவந்து சித்தப்பாவின் காலடியில் வைத்தார். "இன்னைக்கு நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு மேலே போய்விட்டார். சித்தப்பா திட்டக் காகிதத்தைப் பார்த்தார். அதில் இப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மேலே காற்று அள்ளிக்கொண்டு போனது. வடக்கே துறைமுகம், தெற்கே சாந்தோம் தேவாலயத்துக் கோபுரம், கீழே மணலில் எறும்பளவு ஜனம். சித்தி ஒரு சுற்று முடிக்கும் முன்னால் போன் அடித்தது.

"ஏய், புளியோதரை எந்தப் பையில இருக்கு?"

"மஞ்சப் பையில."

"நாலும் மஞ்சப் பைதாண்டி!"

"அப்ப நாலையும் பத்திரமாப் பாத்துக்கோங்க" என்று போனை வைத்துவிட்டு, சித்தி இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பினார்.