டிலனாய் கோட்டில் ஜிப் உண்டா?

குமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழை. தென்மேற்குப் பருவத்தில் நனைந்த துணி வடகிழக்கு தொடங்குமுன் காய்ந்தால் பாக்கியம். இந்த ஈரத்தில் உட்கார்ந்துகொண்டு பழைய பட்டாளத்துக் கம்பளிக் கோட்டுகளைச் சேர்க்கிறவனை என்ன சொல்ல? என் மனைவி சொல்லிவிட்டாள்: "ஆம்பிளைக்குச் சோலி இல்லேன்னா இப்பிடித்தான்." அவளுடைய பட்டுச் சேலைகளுக்கு ஒரே ஒரு பாச்சை உருண்டை, என் கோட்டுகளுக்குப் பொட்டலம் பொட்டலமாக என்பது அவளுடைய தீராத குறை.

கோட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. திருவிதாங்கூர் நாயர் பட்டாளம் தொட்டு, அதன் வாரிசான 9ஆவது மதராஸ் பட்டாலியன் வரை ஆள் அனுப்பிய மண் இது. பல வீட்டு மச்சுகளில் இன்னமும் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி கிடக்கும். மூடிமேல் வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். பஞ்சமெல்லாம் உண்மைக்குத்தான்.

தக்கலைப் பக்கம் பழைய சாமான் தரகர் ஒருவர் ஒருநாள் என் முன்னால் ஒரு கோட்டை விரித்தார். "டிலனாய் துரை போட்டது, கேட்டீரா? உதயகிரிக் கோட்டையிலேருந்து வந்தது." டிலனாய் 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிக்கிய டச்சுப் படை அதிகாரி. பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ என்று பேரெடுத்து, 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானவர். விரித்த கோட்டிலோ கழுத்திலிருந்து இடுப்புவரை பளபளவென்று ஒரு ஜிப் ஓடியது.

"ஜிப்பு வந்தே நூறு வருஷத்துக்குக் கொஞ்சம்தான் கூட ஆகுது வே" என்றேன். தரகர் அசரவில்லை. "வலிய கப்பித்தான்லா? அவருக்கு மட்டும் மொதல்லயே வந்திருக்கும்."

தரகர் வயிற்றுப்பாட்டுக்குச் சொல்கிறார், போகட்டும். வீட்டுக்காரர்கள் எதற்காகச் சொல்கிறார்களோ! நான் பார்த்த கோட்டுகளில் பாதிக்குமேல் பர்மாவில் ஜப்பான்காரனைச் சுட்டவை. போகிற போக்கைப் பார்த்தால் பர்மாச் சண்டைக்கு நாஞ்சில் நாட்டிலிருந்து ஆண்பிள்ளை ஒருத்தர் மிச்சமில்லாமல் போயிருக்க வேண்டும்.

கோட்டுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. பட்டனைப் பார்த்தால் போதும். கிரீடம் இருந்தால் வெள்ளைக்காரன் காலம். அசோகச் சிங்கம் இருந்தால் 1950இல் குடியரசான பிறகு. சங்கு இருந்தால் திருவிதாங்கூர் சமஸ்தானம்; கும்பிட்டுவிட்டு விலை பேசலாம். அடுத்து உள்பக்கத்தைப் புரட்ட வேண்டும். அகன்ற அம்புக்குறி முத்திரை என்றால் பிரிட்டிஷ் அரசின் சொத்து. அம்போடு ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால் இந்தியாவில் தேறிய சரக்கு. நிறத்துக்கும் சாட்சி சொல்லத் தெரியும். பர்மாக் காட்டில் காக்கி எடுபடாமல்தான் 1943 வாக்கில் பட்டாளத்துத் துணிக்குப் பச்சைச் சாயம் ஏறியது.

இந்தக் கணக்கோடு ஒரு மாமா வீட்டுக்குப் போனேன். அவருடைய அப்பாவின் ‘பர்மா கோட்டு’ வெளியே வந்தது. பட்டனில் சிங்கம். உள்பைக்குக் கீழே தைத்திருந்த துணிச்சீட்டில் ஆவடி. பர்மாச் சண்டை முடிந்தது 1945இல். ஆவடிப் படையுடைத் தொழிற்சாலை தொடங்கியது 1961இல். பக்குவமாகத்தான் சொன்னேன்.

"அப்போ எங்கப்பா பொய் சொன்னாருங்கியா மருமோனே?"

அடுக்களையிலிருந்து அத்தை குரல் வந்தது: "அவிய எங்க பொய் சொன்னாவ? எழுபத்தொண்ணுல பசந்தர் ஆத்தங்கரையில குளிருல கெடந்தேன்னுதான் சொல்லுவாவ. பர்மா நீங்க சேத்தது."

"எழுபத்தொண்ணு எல்லா வீட்டிலயும்தான் உண்டு. பர்மான்னு சொன்னாத்தான் நாலுபேரு திரும்பிப் பாப்பான்."

1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில் பசந்தர் ஆற்றங்கரையில் 16ஆவது மதராஸ் நின்று சண்டையிட்டது. அதுவும் திருவிதாங்கூர்ப் படை வழிவந்த பட்டாலியன்தான். பெற்ற தகப்பன் பார்த்த சண்டையைத் தள்ளிவிட்டு, பார்க்காத சண்டைக்குப் பேரன்மாரிடம் கைதட்டு வாங்கியிருக்கிறார் மாமா.

கோபத்தில் அந்தக் கோட்டை எனக்குத் தர மறுத்தார். அடுத்த கல்யாணத்துக்குத் தானே போட்டுக்கொண்டு போவாராம். பாரதிய நியாய சன்ஹிதா 168ஆவது பிரிவை எடுத்துச் சொன்னேன்: பட்டாளத்தில் இல்லாதவர், தன்னைப் பட்டாளக்காரன் என்று பிறர் நம்பட்டும் என்று அந்த உடுப்பைப் போட்டால் மூன்று மாதம்வரை சிறை. அத்தை மாமாவின் தொப்பையை ஒருதரம் பார்த்துவிட்டு, யாரும் நம்பப்போவதில்லை, ஆகவே கேசு நிற்காது என்று தீர்ப்புச் சொன்னாள்.

இந்தக் கோட்டுகளுக்குப் பூச்சியைவிடப் பெரிய சத்துரு, பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிற வியாபாரி. உங்கள் மச்சிலும் ஒரு கோட்டு கிடந்தால் ஒரு தூக்குவாளிக்காக அதைக் கொடுத்துவிடாதீர்கள். போட்டவர் பேர், நம்பர், பட்டாலியன், அவர் வாயாலேயே சொன்ன சண்டை, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி உள்பையில் வையுங்கள். பட்டன் காலத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. ‘பர்மா’ என்று எழுதக் கை பரபரத்தால் மட்டும், பேனாவை வைத்துவிட்டுப் பட்டனை ஒரு தடவை பாருங்கள்.