நிறுத்தவியல்: பழைய டட்சன் பிக்கப்புக்கு ஒரு சிற்றிலக்கணம்

பாயிரம்

நூலுக்குப் பாயிரம் எழுதுவோர் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்று நன்னூலில் பவணந்தியார் விதித்துவிட்டார். பொருள் பிரேக் என்பதற்காக அவ்விதியைத் தளர்த்த முகாந்திரம் இல்லை.

நூற்பெயர், நிறுத்தவியல். நுதலிய பொருள், 1972 முதல் 1979 வரை ஜப்பானில் உற்பத்தியான டட்சன் 620 பிக்கப்பின் பிரேக்கும் அதற்குச் சாமான் தேடும் முறையும். எல்லை, வடகிழக்கே கெந்திங் மலை இறக்கம், மேற்கே கிள்ளான் துறைமுகம், இடையே கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ். யாப்பு, இது ஓட்டவியலுக்குப் பின் படிக்கப்படுவது. முன் படித்திருந்தால் பல சுவர்கள் இன்னும் நின்றிருக்கும். கேட்போர், இவ்வண்டியைத் தாத்தாவிடமிருந்தோ பெரியப்பாவிடமிருந்தோ பெற்று, விற்க மனமும் ஓட்டத் துணிவும் இல்லாமல் வாசலில் நிறுத்தி வைத்திருப்போர். பயன், அதை மற்ற இடங்களிலும் நிறுத்த முடிவது. ஆக்கியோன் பெயர், நூலின்படி செய்து வண்டி நின்றதென்று உறுதியானபின் வெளியிடப்படும்.

எஞ்சியது வழி. முதல்நூல், ஜப்பானியத் தொழிற்சாலைக் கையேடு. வழிநூல், அமெரிக்கர்களுக்காக எழுதப்பட்ட ஆங்கிலக் கையேடு. அதில் ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் நமக்கு இடமெல்லாம் வலம். சார்புநூல், நம் போமனின், அதாவது மெக்கானிக்கின், ஞாபகம். மூன்றும் முரண்படும் இடங்களில் சார்புநூலே வென்றுவருகிறது. கையில் ஸ்பானர் இருப்பவர் அவர்தான்.

1. அமுக்கவியல்

மூடிய கலத்தில் அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால் அவ்வழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்று பிரான்சில் பிளேஸ் பாஸ்கல் கண்டார். அந்த ஆய்வுரை அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல், அச்சேறியது. அவரிடம் பிக்கப் இல்லாததால் அதை அவர் பரிசோதிக்கவில்லை. நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் பிரேக் வைத்த கார் 1921இல்தான் அமெரிக்காவில் டூசன்பர்க் பெயரில் வெளிவந்தது.

செயல்முறை சுருக்கமானது. மிதியை அமுக்கினால் மாஸ்டர் பம்ப் எண்ணெயைக் குழாயில் தள்ளும். எண்ணெய் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் பம்பின் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஷூவைத் தள்ளும். ஷூவில் ஒட்டிய லைனிங் டிரம்மின் உட்புறத்தை உரசும். வண்டியின் வேகம் சூடாக மாறி வெளியேறும். இச்சங்கிலியில் எந்தக் கண்ணி கெட்டாலும் மிதியில் தெரியும். மிதியின் மொழி அறிந்தவருக்கு டிரம்மைக் கழற்றுமுன்பே நோய் விளங்கும்.

மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. அமுக்கிப் பிடித்திருக்க மெல்ல மெல்லத் தரைவரை இறங்கினால், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாவிட்டாலும், மாஸ்டர் பம்புக்குள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. முதல் மிதியில் ஆழமும் மூன்றாம் மிதியில் உயரமும் இருந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். வண்டி இடப்புறம் இழுத்தால் வலப்புறச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும்: இழுப்பது ஒழுங்காக வேலை செய்யும் பக்கம், குற்றம் செய்தது அமைதியாக இருக்கும் பக்கம். காலை எடுத்தபின்னும் பிரேக் பிடித்தபடியே இருந்தால், ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதிப்போய் எண்ணெயைப் போக விட்டுத் திரும்ப விட மறுக்கிறது. வெளியே பார்க்க அந்த ஹோஸ் புத்தம் புதிதாக இருக்கும்.

மலை இறங்கும்போது பிரேக்கை அமுக்கியபடியே வந்தால் டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், எண்ணெய் கொதிக்கும். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்தால் அவ்வெல்லை 140 ஆக இறங்கிவிடும். கோலாலம்பூரின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கொதித்த எண்ணெய் ஆவியாகும், ஆவி அமுங்கும், பாஸ்கல் விதி அத்துடன் விடைபெறும். எனவே கெந்திங் இறங்குவோர் இரண்டாம் கியரில் இறங்குக. பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். அதை உரையாசிரியரின் மறுப்பாகக் கொண்டு மேலே செல்க.

2. பாடபேதவியல்

1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டார். டட்சன் பிரேக்கில் முக்கியமான பாடபேதம் இரண்டு: நாப்கோ, தோகிக்கோ. எழுபதுகளில் ஒரே மாடல் வண்டிக்கு இரு நிறுவனங்களும் பம்ப் கொடுத்தன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. உள்ளே பிஸ்டனும் ரப்பரும் வேறு. ஒன்றின் கிட்டை மற்றதில் போட்டால் ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரம்தான் ஆபத்து, ஏனென்றால் அதற்குள் உரிமையாளருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

நாப்கோ என்பது நிப்பான் ஏர் பிரேக் கம்பெனி. ரயிலுக்குப் பிரேக் செய்தவர்கள். ரயில்வேக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸில் இச்செய்தி தனி மரியாதையுடன் கேட்கப்படும். இன்று அவ்விரு நிறுவனங்களும் தனியாக இல்லை. நாப்கோ 2003இல் நப்தெஸ்கோவுக்குள்ளும் தோகிக்கோ 2004இல் ஹிட்டாச்சிக்குள்ளும் போய்விட்டன. நூலாசிரியர் இருவரும் மறைந்தபின் பாடத்தை நிச்சயிக்க ஒரே சான்று பம்பின் உடம்பில் வார்த்த எழுத்து. அது பல ஆண்டு மண்ணுக்கும் எண்ணெய்க்கும் அடியில் கிடக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து அதைப் படித்தபின்பே கடைக்குப் போக வேண்டும். படிக்காமல் போனவருக்கு நேர்வது பின்வருமாறு.

களம், கிள்ளான், ஜாலான் காப்பார் பக்கத்துச் சாமான் கடை ஒன்று. கூரை வரை அட்டைப்பெட்டி. கல்லாவுக்குப் பின்னால் தௌக்கே எனப்படும் கடை முதலாளி, முன்னால் நம்மவர். பேச்சு பாதி மலாய்.

"தௌக்கே, டட்சன் 620 மாஸ்டர் பம்ப் கிட் அடா?"

"நாப்கோ கா, தோகிக்கோ கா?"

நம்மவர் மௌனம். தௌக்கே ஏணியில் ஏறி, பழுத்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, தூசியைத் தட்டி, ரப்பர் கப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கிப் பார்க்கிறார். ரப்பர் வெடிப்பில்லாமல் மீண்டு வருகிறது. பிறகு தீர்ப்பு:

"போலே மாசோக்."

உள்ளே போகும் என்பது அதன் கருத்து. அதில் பொய் இல்லை. உள்ளே போகும். போனபின் வேலை செய்யுமா என்பதைத் தௌக்கே சொல்லவில்லை, நம்மவரும் கேட்கவில்லை.

இதனோடு வைத்து எண்ண வேண்டியது மாஸ்டர் பம்பின் துளை. வண்டி ஜப்பானியம், குழாய் மரை மில்லிமீட்டர். துளை மட்டும் அங்குலம். முக்கால் அங்குலப் பம்ப் கிடைக்காதபோது வேறொரு வண்டியின் எட்டில் ஏழு அங்குலப் பம்பைப் போடச் சொல்வார்கள். வித்தியாசம் எட்டில் ஒரு அங்குலம், பார்த்தால் தெரியாது. ஆனால் பரப்பு துளையின் வர்க்கத்தில் ஏறுவது. பிஸ்டன் பரப்பு 36 விழுக்காடு கூடுகிறது. அதே பிரேக்குக்குக் கால் அத்தனை கூடுதலாக அமுக்க வேண்டும். ஈடாக மிதியின் ஓட்டம் கால் பங்குக்குமேல் குறைகிறது. மிதி கல்போல் இருக்கும். உரிமையாளர் "இப்பதான் பிரேக் டைட்டா இருக்கு" என்று மகிழ்வார். வண்டி முன்பைவிடத் தள்ளிப்போய் நிற்கும்.

அடுத்தது ஹாஃப்கட். ஜப்பானில் புதுக் கார் மூன்றாம் ஆண்டிலும் அதன்பின் இரண்டாண்டுக்கு ஒரு முறையும் ஷாகென் என்ற சோதனைக்குப் போக வேண்டும். கார் பழசாகப் பழசாகச் சோதனைச் செலவைவிடத் தலைமுழுகுவது மலிவாகிவிடும். அவ்வாறு தலைமுழுகியவற்றில் பல நடுவே அறுக்கப்பட்டு, கண்டெய்னரில் அடுக்கப்பட்டு, நம் துறைமுகத்தில் வந்து இறங்குகின்றன. முழுதாக வந்தால் வாகனம். அனுமதியும் வரியும் கேட்கும். பாதியாக வந்தால் சாமான். ஒரு பொருளை இரண்டாக அறுத்தால் அதன் இனமே மாறும் என்பது தருக்க நூலார் தொடாத நுட்பம். கிள்ளான் முற்றங்களில் அது மழையில் நனைந்தபடி அடுக்கடுக்காக நிரூபிக்கப்பட்டிருக்கிறது. 2009இல் திருத்திய தேசிய வாகனக் கொள்கை, பழைய உதிரிபாக இறக்குமதிக்கு 2011 ஜூன் முதல் தடை என்றது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், தடை ஒத்திவைக்கப்பட்டது. உரிய நேரத்தில் அமுக்கி உடனே நின்ற பொருளுக்கு இந்நூல் காட்டும் முதல் எடுத்துக்காட்டு அத்தடையே.

ஆனால் 620 இப்போது ஹாஃப்கட்டாக வருவதில்லை. அறுக்க வேண்டியவை எப்போதோ அறுபட்டுவிட்டன. எஞ்சிய வழிகள் மூன்று. ஒன்று, கடைகளின் மேல்தட்டில் தங்கிவிட்ட பழைய ஸ்டாக். இரும்பு புதிதாக இருந்தாலும் ரப்பர் வயதாகியிருக்கும், ஆகவே இரும்பை வைத்துக்கொண்டு ரப்பரை மாற்றுக. இரண்டு, தாய்லாந்து, அங்கே 620க்கு 'யானை மிதித்தது' என்று பட்டப்பெயரே உண்டு, சாமானும் உண்டு. மூன்று, லேத் கடை. பழைய பம்பின் துளையில் குழி விழுந்திருந்தால், அதைப் பெரிதாக்கி, பித்தளையிலோ எவர்சில்வரிலோ உறை இறக்கி, பழைய அளவுக்கே திரும்பக் கடையலாம். சிதைந்த ஏட்டை அதன் சொந்தச் சொற்களாலேயே நிரப்பும் இம்முறை மூன்றிலும் சிறந்தது.

3. களைதலும் கூட்டலும்

பின்னிடச் சக்கரத்தைக் கழற்றியதும் டிரம் வராது. சுத்தியல் தேடுவது இளையோர் வழக்கு. டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரு சிறு துளைகள் இருக்கும். எட்டு மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அவற்றில் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முறுக்கினால் டிரம் முனகிக்கொண்டு தானே வெளியே நகரும். கைபிரேக்கை முதலில் விடுவித்திருக்க வேண்டும். விடுவிக்காமல் முறுக்குவோர் டிரம்மைக் குறை கூறுவது வழக்கம்.

உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். அதைக் காற்றடித்து ஊதக் கூடாது. அக்கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். நனைத்துத் துடைத்துக் கட்டி எறிவதே முறை. பிறகு வீல் பம்பின் ரப்பர் மூடியை நகத்தால் லேசாக விலக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. ஈரமிருந்தால் கிட் மாற்ற வேண்டும். ஒழுகி லைனிங் நனைந்திருந்தால் லைனிங்கையும் மாற்ற வேண்டும், இரு பக்கமும் சேர்த்து. பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும் என்ற கருத்து வட்டாரத்தில் பரவலாக உண்டு; அது இடைச்செருகல்.

ரப்பரை பிரேக் எண்ணெயிலேயே கழுவுக. என்ஜின் எண்ணெய் ஒரு கரண்டி உள்ளே போனாலும் எல்லா ரப்பரும் உப்பிவிடும். செலவு மறுபடி பாயிரத்திலிருந்து தொடங்கும்.

4. காற்றெடுப்பு

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அறிஞர், வண்டிக்கு அடியில். மற்றவர் உறவினர், மிதியில். மாஸ்டர் பம்புக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்குக என்பது பொது விதி. அமெரிக்கக் கையேட்டில் அது பின்வலம். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நமக்குப் பின்னிடம்.

"பம்ப் பண்ணு."

"பண்றேன் மாமா."

"பிடிச்சுக்கோ. விடாதே."

"சரி மாமா."

வீல் பம்பின் காற்று முனை திறக்கிறது, எண்ணெயோடு குமிழ்கள் வருகின்றன, மிதி இறங்குகிறது. முனையை மூடுமுன் மேலே காலை எடுத்தால் வெளியேறிய காற்று முழுவதும் திரும்ப உள்ளே போகும்.

"விட்டுட்டியா?"

"காலு வலிச்சுது மாமா."

இதற்குப் பரிகாரம் நூல்களில் இல்லை. மறுபடி தொடங்குக. சக்கரத்துக்குச் சக்கரம் தொட்டியில் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். தொட்டி வறண்டால் அதுவரை செய்தது செய்யாததாகும். வெளியே எடுத்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுக. தாமதித்தால் பெயிண்ட் உரிந்து, அடியில் பெரியப்பா காலத்து நிறம் தெரியவரும்.

5. அரங்கேற்றம்

அவையில் அரங்கேறாத நூலுக்கு மதிப்பில்லை. வர்த்தக வாகனமாகப் பதிவானவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை. 1994இல் தோன்றிய புஸ்பாகோம் அதற்கான பேரவை. அங்கே சக்கரம் உருளைகள்மேல் ஏறும், உருளை சுழலும், மிதியை அமுக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் பிடிமானமும், இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசமும் எண்ணாக விழும். உருளைக்கு முகத்தாட்சணியம் இல்லை. தாத்தா காலத்து வண்டி என்று சொல்லிப் பயனில்லை. தனியார் வண்டி வைத்திருப்போருக்கு இவ்வவை கட்டாயமில்லாததால் அவர்கள் ஆளில்லாத மைதானத்தில் தாமே அரங்கேற்றுக. முதலில் நடைவேகத்தில், பிறகு முப்பதில்.

2021 டிசம்பர் வெள்ளம் போன்றதொன்றில் வண்டி நனைந்திருந்தால் டிரம்முக்குள் தண்ணீர் நிற்கும்; லைனிங் வழுக்கும். மெதுவாக ஓட்டி, மிதியை லேசாக அமுக்கியபடி சிறிது தூரம் போனால் சூட்டில் காயும். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியபின் இதை நினைவுகூர்வது காலங்கடந்த கல்வி.

புறனடை

கூறாதவற்றையும் அடக்க ஒரு சூத்திரம் வைத்து முடிப்பது மரபு. இந்நூலில் இல்லாதவற்றைப் போமனிடம் கேட்டறிக. அவர் சொல் இந்நூலோடு முரண்பட்டால் அவர் சொல்லையே கொள்க. அவரும் தௌக்கேயும் தம்முள் முரண்பட்டால் பம்பில் வார்த்த எழுத்தை மறுபடி படிக்க. எழுத்தும் அழிந்திருந்தால், பிரிக்பீல்ட்ஸிலேயே கேஎல் சென்ட்ரல் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஓடுகிறது. அதன் பிரேக் பிறர் பொறுப்பு.