விடை கைடில் இருக்கிறது

பக்கத்து வீட்டுச் சிறுமி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தேர்வில் ஒரு கேள்வி: "உங்கள் ஊரின் தண்ணீர்ப் பஞ்சம் தீர என்ன செய்யலாம்? சொந்தமாகச் சிந்தித்து எழுதுக." 5 மதிப்பெண். வகுப்பில் 40 பேர். 39 பேர் மரம் நட்டார்கள், மழைநீர் சேகரித்தார்கள், குழாயை இறுக மூடினார்கள். அதே வரிசை, அதே கமா. சொந்தச் சிந்தனை கைடில் அச்சாகி விற்பனைக்கு வந்து நாளாயிற்று. இவள் மட்டும் எழுதினாள்: "நம் பள்ளிக்கூடம் ஏரிக்குள் கட்டப்பட்டிருக்கிறது. முதலில் அதைப் பேசலாம்."

சிவப்பு மையில் சுழியம். கூடவே, அம்மாவை அழைத்துவரச் சொல்லி ஒரு சீட்டு.

டீச்சரைத் திட்டாதீர்கள். நாட்டு வழக்கப்படிதான் திருத்தியிருக்கிறார்.

அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் குணத்தையும் வளர்ப்பது இந்தியக் குடிமகனின் அடிப்படைக் கடமை. அரசியல் சட்டமே சொல்கிறது, பிரிவு 51ஏ. அதை எப்போது சேர்த்தார்கள் தெரியுமா? 1976-ல். நெருக்கடிநிலை. பத்திரிகைக்குத் தணிக்கை, கேட்டவனுக்கு மிசா. ஆளை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு வாசலில் பலகை மாட்டினார்கள்: கேள்வி கேட்பது உன் கடமை.

2020-ல் புதிய கல்விக் கொள்கை. விமர்சனச் சிந்தனை வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. மூன்றே ஆண்டில் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடம் காணாமல் போயிற்று. மாணவர்களின் சுமையைக் குறைத்தார்களாம். டார்வின் அவ்வளவு கனம்! 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். கேட்டார்கள், அவ்வளவுதான்.

நாம் மட்டும் என்ன யோக்கியம்? வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டோம். வாட்ஸ்அப்பில் வந்தால் காம்போடு விழுங்குவோம். 2016-ல் 2,000 ரூபாய் நோட்டுக்குள் நானோ சிப் என்றார்கள். 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்குமாம். சில டி.வி.க்கள் படம் போட்டே விளக்கின. 2023-ல் ரிசர்வ் வங்கி அந்த நோட்டைத் திரும்பக் கேட்டது. செயற்கைக்கோள் வரவில்லை. நாம்தான் எடுத்துப்போய்க் கவுன்டரில் கொடுத்தோம்.

நிஜமாகவே கடமையைச் செய்தவர் ஒருவர் இருந்தார். டாக்டர் நரேந்திர தபோல்கர். பில்லி சூனியம், மாந்திரீகம் என்று ஏழைகளை ஏய்ப்பவர்களைத் தண்டிக்க மகாராஷ்டிரத்தில் ஒரு சட்டம் கேட்டார். 15 ஆண்டுக்கு மேல் கேட்டார். அரசுகள் மாறின, முதல்வர்கள் மாறினார்கள், சட்டம் மட்டும் வரவில்லை. 2013 ஆகஸ்ட் 20 காலை புனேயில் நடைப்பயிற்சிக்குப் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். 4 நாளில் அவசரச் சட்டம் வந்துவிட்டது. எந்த மனுவுக்கு இங்கே மதிப்பு என்று தெரியாமல் அந்த மனிதர் அத்தனை ஆண்டுகளை வீணடித்துவிட்டார்.

பக்கத்து வீட்டுச் சிறுமி திருந்திவிட்டாள். அடுத்த தேர்வில் அவளும் மரம் நட்டாள். 5-க்கு 5. ஐப்பசி மழையில் பள்ளிக்கூடம் 4 நாள் மூடிக் கிடந்தது. வகுப்பறைக்குள் முழங்கால் அளவுக்கு ஏரி.