கராச்சியைப் பிடிச்சாச்சா பேராண்டி?

என்ன பேராண்டி, ராத்திரி பூரா கண்ணு முழிச்சுப் போர் நடத்துனியாம்ல? லயத்துல ஒருத்தரையும் தூங்க விடலையாம். செல்லுக்குள்ள ஒனக்குத் தளபதி உத்தியோகம். விடிஞ்சா காட்டுல மருந்தடிக்கிற வேலை. இதுல எது சம்பளம் தருது?

2025 மே மாசம் நாலு நாள் சண்டை வந்துச்சே, அப்ப சில டிவிக்காரய்ங்க ஒரே ராத்திரியில கராச்சித் துறைமுகத்தைத் தரைமட்டமாக்கிப்புட்டாய்ங்க. நீயும் வெடி போட்ட. விடிஞ்சு பாத்தா துறைமுகம் இருந்த எடத்துலயே இருக்கு! நம்ம கடற்படை நெசமாவே கராச்சியை அடிச்சது 1971 டிசம்பர் 4. அந்தத் தேதியிலதான் இன்னைக்கும் கடற்படை நாள் கொண்டாடுறாய்ங்க. ஒனக்குத் தெரியுமா? எங்க தெரியும், அதை எவனும் சைரன் ஊதிச் சொல்லலையே.

சரி, செயிச்சதை என்ன செஞ்சோம்? 1965ல பாகிஸ்தான்காரன்கிட்டருந்து ஹாஜி பீர் கணவாயை உசுரக் குடுத்துப் பிடிச்சோம். 1966 ஜனவரி 10, தாஷ்கண்ட்ல கையெழுத்து. கணவாய் திரும்பிப் போயிருச்சு. கையெழுத்துப் போட்ட நம்ம பிரதமர் சாஸ்திரி ஐயாவும் மறுநாள் விடியிறதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு, பாவம். 1971ல பாகிஸ்தான்காரய்ங்க 93,000 பேரைக் கைதி பிடிச்சோம். சோறு போட்டு வச்சிருந்து, பேசி முடிச்சு, அனுப்பிவிட்டோம். தப்புங்கல. வச்சு என்ன செய்ய, ஏலக்கா எடுக்கவா விட முடியும்? சீனாக்காரனோட 1954ல பஞ்சசீலம், பாய் பாய்னு ஒரே கொஞ்சல். 1962ல அவனே வந்து அடிச்சான்.

இதெல்லாம் வடக்க நடந்த கதை. நம்ம சனத்தையே மேசைமேல வச்சுப் பேசுனாய்ங்களே, அது தெரியுமா?

சிலோன் மலையில தேயிலை வளத்த தமிழாளுக 9,75,000 பேரு. 1948ல அங்க சட்டம் போட்டுக் குடியுரிமை இல்லைன்னுட்டாய்ங்க. 1964 அக்டோபர் 30, அதே சாஸ்திரி ஐயாவும் சிலோன் பிரதமர் சிறிமா அம்மாவும் டெல்லியில ஒக்காந்து கணக்குப் போட்டாக. 5,25,000 பேரு இந்தியாவுக்கு. 3,00,000 பேரு சிலோனுக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பெறகு பாத்துக்கலாம்னு தள்ளி வச்சு, 1974ல கறிக்கடைக்காரன் கூறு போடுற கணக்கா ஆளுக்கு 75,000னு பிரிச்சுக்கிட்டாக. கொழுந்து எடுத்தவகிட்ட, 'ஆத்தா, நீ எங்க இருக்க ஆசைப்படுற'ன்னு மொதல்ல எவனாச்சும் கேட்டானா? குண்டு ஒண்ணுகூட வெடிக்கல. ஆனா எத்தனை குடும்பம் கடலுக்கு அந்தப்பக்கம் பாதி, இந்தப்பக்கம் பாதியாச்சு!

அப்புறம் 1987ல அதே தீவுக்குச் சமாதானம் பண்ண நம்ம பட்டாளம் போச்சு. சண்டையை நிப்பாட்டப் போனவய்ங்க சண்டை போட்டாய்ங்க. ஆயிரத்துக்கு மேல சிப்பாய்களைப் பறிகுடுத்துட்டு 1990ல திரும்பி வந்தாய்ங்க. அன்னைக்கும் ஒன்னைய மாதிரி கைதட்டுறதுக்கு ஆளு இருந்துச்சு.

அந்த ஒப்பந்தத்துல சிலோன்லருந்து கப்பல்ல வந்த நம்ம சனத்துல கொஞ்சப் பேரைத்தான் நம்ம வண்டிப்பெரியாறு தாண்டி, கவி காட்டுல ஏலத்தோட்டத்துல குடி வச்சாய்ங்க. நீதான் அங்க டூரு போய் மஞ்சு மூட்டத்துல நின்னு போட்டா பிடிச்சியே. அடுத்த தடவை போனா, காய் எடுக்குற பெரியாத்தா யாருகிட்டயாச்சும் வெளியுறவுக் கொள்கைன்னா என்னன்னு கேளு. வெத்தலைக்கு மட்டும் காசு கொண்டு போ.