எச்.265 வசூல் குழுமங்களுக்கு ஒரு கல்யாண வீடியோக்காரனின் விண்ணப்பம்

பொருள்: நாதஸ்வரம் கேட்கிறது, மாப்பிள்ளை தெரியவில்லை என்ற புகார் தொடர்பாக.

காப்புரிமைச் சீமான்களே,

2003-இல் வந்த எச்.264 என்ற வீடியோ சுருக்கும் கோடெக்குக்குப் பெரும்பாலும் ஒரே சுங்கச்சாவடி. உற்பத்தியாளர்கள் காசைக் கட்டிவிட்டு நிம்மதியாகப் போனார்கள். அது உங்களுக்குப் பொறுக்கவில்லை. 2013-இல் எச்.265 வந்தது. அதே தரம், ஏறக்குறையப் பாதி அளவு. ஐபோனில் 4கே, 30 ஃபிரேம் எடுத்தால் நிமிடத்துக்கு 350 எம்பி தின்றது 170-க்குள் அடங்கியது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோப்பைப் பாதியாக்கிய கையோடு சாவடியை மூன்றாக்கினீர்களே: எம்பெக் எல்ஏ, எச்இவிசி அட்வான்ஸ், வெலோஸ் மீடியா! மூன்றிலும் கட்டியவரை மறிக்க, எதிலும் சேராத காப்புரிமைக்காரர்கள் வேறு. இப்போது பெயர் மாறி, ஆள் மாறி நிற்கிறீர்கள். நீட்டிய கை மட்டும் மாறவில்லை. விண்டோஸில் படம் பார்க்க மைக்ரோசாஃப்ட் கடையில் 99 சென்ட் கேட்பதும் உங்கள் புண்ணியமே.

நான் எடுப்பது எச்.265, 10 பிட், 4:2:2-இல்தான். மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் அரக்குப் பட்டு ஆரஞ்சாகிவிடும். அதைத் திருத்த நிறத்தகவல் வேண்டும். எடிட்டிங்கில் டைம்லைன் திக்கும். பெரும்பாலான ஃபிரேம்கள் அக்கம்பக்கத்து ஃபிரேம்களை நம்பியே நிற்பதால் கணினி மூச்சு வாங்கும். எடை குறைந்த ப்ராக்ஸி நகல் போட்டுச் சமாளிக்கிறேன், போகட்டும்.

பெண் வீட்டுப் பழைய டிவியை என்ன செய்ய? அதே கோடெக்கில் கொடுத்தால் மேளம் முழங்குகிறது, திரை கறுப்பாக இருக்கிறது. "எம்பி4-தானே தம்பி கேட்டோம்?" என்கிறார் மாமா. எம்பி4 வெறும் உறை, உள்ளே இருக்கும் கோடெக்தான் வில்லங்கம் என்று பந்தியில் வைத்து எப்படி விளக்குவது? கடைசியில் எச்.264-க்கே மாற்றுகிறேன். பென்டிரைவ் ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது; தாலி கட்டுவது ஒன்றில், தாம்பூலம் இன்னொன்றில்.

உங்களிடம் சலித்துத்தான் 2015-இல் கூகுள், அமேசான், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் கூட்டணி கட்டி, 2018-இல் கட்டணமில்லா ஏவி1-ஐக் கொண்டுவந்தன. மறு வருடமே சிஸ்வெல் நிறுவனம் அதற்கும் ஒரு வசூல் குழுமத்தை அறிவித்தது. உங்கள் வம்சம் தழைக்கும்.

எச்.266-உம் 2020-இலேயே பிறந்துவிட்டது. ஆகவே ஒரே கோரிக்கை: கோப்பைச் சுருக்கியது போதும், அடுத்து வழக்கறிஞர்களைச் சுருக்கும் கோடெக் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். பாதியாக்கினால் போதும், தரம் குறையாது.

இப்படிக்கு,
ரெண்டரிங் முடியக் காத்திருப்பவன்